உஷார்! அமெரிக்க மருந்துக் குறிப்பில் தமிழ்நாட்டின் பெயர்

டெக்ரிடால், மாஸெட்டால், ஸெப்டால். இந்தப் பெயர்களில் ஒன்று அச்சடித்த மாத்திரை அட்டை கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் உங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்தால், இதைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். மூன்றும் ஒரே மருந்துதான்: கார்பமசெபைன். வலிப்புக்குக் கொடுப்பார்கள். முகத்தில் ஒரு பக்கம் சுளீரென்று வெட்டி இழுக்கும் நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள். மனநிலை தாறுமாறாக ஏறி இறங்குகிறவர்களுக்கும் கொடுப்பதுண்டு. 1953-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி கம்பெனியில் வேலை பார்த்த வால்டர் ஷிண்ட்லர் கண்டுபிடித்தது. மலிவு. லட்சக்கணக்கானவர்களை நடமாட வைத்திருக்கும் நல்ல மருந்து. அதில் சந்தேகமே வேண்டாம்.

அதே மருந்து சிலருடைய தோலைத் தீப்பட்டதுபோல் உரித்துவிடும். யாருக்கு என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பிறக்கும்போதே அப்பா அம்மாவிடமிருந்து வந்த ஒரு மரபணு.

அமெரிக்காவில் இந்த மருந்தோடு கொடுக்கப்படும் அரசு ஒப்புதல் பெற்ற குறிப்பில் இது பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. எச்எல்ஏ-ஏ 31:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஒவ்வாமை ஆபத்து கூடுதல் என்று சொல்லிவிட்டு, அது எந்தெந்த மக்களிடம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்று பட்டியல் போடுகிறார்கள். ஜப்பானியர், அமெரிக்கப் பழங்குடியினர், சில அரபு மக்கள், தென்னிந்தியர். தென்னிந்தியர் என்பதற்கு உதாரணமாக அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு பெயர்: தமிழ்நாடு.

வாஷிங்டன் அருகே உட்கார்ந்திருக்கும் மருந்துத் துறைக்குத் தமிழ்நாட்டைப் பெயர் சொல்லி எச்சரிக்கத் தோன்றியிருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்களில் எத்தனை பேர் காதில் அது விழுந்திருக்கும்? சிவகிரியிலிருந்து ராஜபாளையம் போகிற பேருந்தில் 50 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த மதிப்பீடு நம் ஊருக்கும் பொருந்துமானால், அதில் ஏழெட்டுப் பேர் அந்த மரபணுவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாது. அந்த மாத்திரையைத் தொடாதவரை தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

எச்எல்ஏ என்பது என்ன? ஆறாவது குரோமோசோமில் அருகருகே இருக்கும் ஒரு மரபணுக் கூட்டம். 1958-இல் பிரான்ஸின் ஜீன் டோசே இதில் முதலாவதைக் கண்டுபிடித்தார். 1980-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். இந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் உடம்பின் பெரும்பாலான செல்களின் மேற்பரப்பில் நிற்கின்றன. புளியரை செக்போஸ்ட்டில் லாரி டிரைவர் சரக்குக்கான பில்லை நீட்டுகிறாரே, அந்த வேலைதான் இவற்றுக்கு. செல்லுக்குள் என்ன தயாராகிறது என்று ஒரு துண்டை எடுத்து வெளியே நீட்டும். டி செல் என்ற வெள்ளை அணு தன் ஏற்பியால் அதைத் தடவிப் பார்க்கும். நம்முடையது என்றால் விட்டுவிடும். வைரஸின் துண்டு என்றால் அந்தச் செல்லையே அழித்துவிடும்.

நீட்டுகிற இந்தக் கையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். மனித மரபணுக்களிலேயே இவ்வளவு வேறுபாடு உள்ள இடம் வேறில்லை. ஒரே கிருமி ஊரையே துடைத்துவிடாமல் இருப்பதற்கு இந்த வேறுபாடு பெரிய காரணம். தொல்லையும் இதிலிருந்துதான் வருகிறது. எச்எல்ஏ-பி 15:02 என்ற வடிவத்தின் பள்ளத்தில் கார்பமசெபைன் மூலக்கூறு நேராகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 2012-இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி செல் வந்து பார்க்கிறது. பழகிய துண்டு வேற்று முகம் காட்டுகிறது. எதிரி புகுந்துவிட்டான் என்று முடிவு கட்டுகிறது. பிறகு கிரானுலைசின் என்ற நச்சுப் புரதத்தைக் கொட்டுகிறது. கொப்புளத்து நீரில் நிறைந்திருந்து தோல் செல்களைக் கொல்வது அதுதான் என்று 2008-இல் தெரியவந்தது.

இந்த நோய்க்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். 1922-இல் நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களைப் பார்த்து எழுதிய இரண்டு டாக்டர்களின் பெயர்கள் அவை. உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் தோல் உரிந்தால் இந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் 1956-இல் ஆலன் லயல் விவரித்த டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்; அதில் மூன்றில் ஒருவர்வரை இறக்கிறார்கள். ஏ 31:01 வகையில் பெரும்பாலும் வருவது வேறு ரூபம்: காய்ச்சல், முக வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல், உடம்பெல்லாம் தடிப்பு, அதோடு ஈரல் பாதிப்பு. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயும் அதில் வரலாம்.

பி 15:02 கதை தொடங்கியது 2004-இல். தைவானில் கார்பமசெபைனால் தோல் உரிந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் அந்த மரபணு வகை இருந்தது. மருத்துவத்தில் இப்படி முழுக்க முழுக்கப் பொருந்துவது அபூர்வம். 2007 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது: ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் சோதனை, பிறகு மாத்திரை. தைவானில் கிட்டத்தட்ட 4,900 பேருக்கு முன்கூட்டியே சோதனை செய்து, மரபணு உள்ள 372 பேருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி அந்தக் கூட்டத்தில் பத்துப் பேருக்காவது நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்குக்கூட வரவில்லை. 2011-இல் வெளியான முடிவு இது. சிங்கப்பூர் 2013-இல் இந்தச் சோதனையை வழக்கமான நடைமுறையாக்கிவிட்டது. அங்கே போய் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையனுக்கு வலிப்பு வந்தால் முதலில் ரத்தம் எடுப்பார்கள். அவன் அண்ணனுக்குச் சிவகிரியில் வந்தால் முதலில் மாத்திரை கொடுப்பார்கள்.

அது சீனர் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. 2009-இல் குஜராத்திலிருந்து வெளியான ஆய்வில் கார்பமசெபைனால் தோல் உரிந்த எட்டுப் பேரில் ஆறு பேரிடம் அதே பி 15:02. அமெரிக்கக் குறிப்பின்படி இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரிடம் அது சராசரியாக 2 முதல் 4 சதவீதம், சில குழுக்களில் அதற்கும் மேல். மலேசியாவில், பெரும்பாலும் தமிழரான இந்திய வம்சாவளி நோயாளிகளிடம் ஏ 31:01-க்கும் இந்த நோய்க்கும் தொடர்பு தெரிந்ததாக 2017-இல் எழுதினார்கள். ஐரோப்பியரிடம் நடந்த 2011 ஆய்வு ஒன்று இன்னும் தெளிவாகக் கணக்குச் சொன்னது. ஏ 31:01 இல்லாதவர்களுக்கு கார்பமசெபைனால் ஏதாவது ஒரு ஒவ்வாமை வரும் வாய்ப்பு 3.8 சதவீதம், இருந்தால் 26 சதவீதம். ஐரோப்பியரில் அந்த மரபணு உள்ளவர்கள் குறைவு. நம்மிடம் கூடுதல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மரபணு இருந்தாலே நோய் என்று பதற வேண்டாம். மரபணுவும் வேண்டும், அதைத் தூண்டும் பொருளும் வேண்டும். இதற்குத் தென்காசிக்காரர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று பரோட்டாவில் இருக்கிறது. கோதுமைப் புரதம் சிலருடைய சிறுகுடலை அரிக்கும். சீலியாக் நோய் என்பார்கள். அதற்கும் எச்எல்ஏ மரபணுதான் அடிப்படை. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று 23,331 பேரைப் பரிசோதித்தது. அந்த மரபணு வடக்கே சுமார் 38 சதவீதம் பேரிடம், தெற்கே சுமார் 36 சதவீதம் பேரிடம் இருந்தது. வித்தியாசமே இல்லை. நோயோ வடக்கே நூற்றில் ஒருவருக்கு, தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. காரணம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே வெறும் 25 கிராம். மூன்று வேளையும் மைதா என்று மாறிக்கொண்டிருக்கும் குற்றாலச் சுற்றுவட்டாரம் இந்த எண்களை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. அது தனிக் கட்டுரை.

கார்பமசெபைனிலும் அப்படியே. மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. டி செல்லின் ஏற்பியும் சரியான வடிவத்தில் அமைய வேண்டும். 2011-இல் தைவானில் பார்த்தபோது, நோய் வந்தவர்களில் 84 சதவீதம் பேரிடம் ஒரே அச்சில் வார்த்த ஏற்பி இருந்தது. மாத்திரையைத் தாங்கிக்கொண்டவர்களில் ஒருவரிடமும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால்தான் பெரும்பாலும் ஆபத்து. ஆனால் அந்த ஏற்பியைச் சோதிக்கும் வசதி சாதாரண லேபில் கிடையாது. எச்எல்ஏ-வைச் சோதிக்கலாம்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கூடச் சோதனை இல்லாததைவிட நம் வீட்டுத் திண்ணைதான் இதில் அதிகம் கொல்லும்.

மாத்திரை தொடங்கி இரண்டாவது மூன்றாவது வாரம். காய்ச்சல் அடிக்கிறது, தொண்டை வலிக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அடிக்கிற காய்ச்சல்தானே என்று ஒரு பாராசிட்டமால். மறுநாள் கண் சிவக்கிறது: மெட்ராஸ் ஐ. வாயெல்லாம் புண்: உடம்பு சூடு, மணத்தக்காளிக் கீரை வை. அடுத்து நெஞ்சிலும் முகத்திலும் சிவப்பாகத் தடிப்பு: அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டுகிறார்கள், இளநீர் வாங்கி வருகிறார்கள், ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அம்மை என்றால் மருந்து மாத்திரை ஆகாது என்பது ஊர் வழக்கம். ஆனால் வலிப்பு மாத்திரை மட்டும் தப்பாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்தினால் வலிப்பு வந்துவிடுமே என்ற நியாயமான பயம்.

இன்னொரு வீட்டில் கொப்புளத்தைப் பார்த்ததும் அக்கி என்பார்கள். காவி குழைத்து எழுதுகிறவரிடம் கூட்டிப் போவார்கள். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும். இரண்டு பக்கமும் பரவாது, வாயையும் கண்ணையும் பிறப்புறுப்பையும் ஒன்றாகத் தாக்காது. அந்தக் காவிக்கு அடியில் தோல் கழன்றுகொண்டிருப்பது தெரியாது. மூன்றாவது வீட்டில் ஈரல் பாதித்துக் கண் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் குடு. நான் கீழாநெல்லிக்கு விரோதி இல்லை. அம்மனுக்கும் விரோதி இல்லை. புதிதாக ஒரு மாத்திரை தொடங்கி எட்டு வாரத்துக்குள் இதில் எது வந்தாலும் முதல் சந்தேகம் மாத்திரை மேல்தான் விழ வேண்டும் என்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரம்? பிரான்ஸில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில், கொப்புளம் தெரிந்ததும் மருந்தை ஒரு நாள் முன்னதாக நிறுத்தினாலே இறப்பு வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று கண்டது. ஒரு நாள்! வேப்பிலை கட்டிப் படுக்கவைக்கிற ஒவ்வொரு நாளின் விலையும் அதில் தெரிகிறது. தோல் உரிந்தவரைத் தீக்காய நோயாளியைப் போலத்தான் பார்க்க வேண்டும்: நீர்ச்சத்து, கிருமித் தொற்று, உடல் சூடு, கண் என்று ஒரே நேரத்தில் பல டாக்டர்கள் வேண்டும். அது சிவகிரியில் முடியாது. சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கோ, ராஜபாளையம் வழியாக மதுரைக்கோ போக வேண்டும். பாதை நீளம் என்பதால் கிளம்புவதாவது சீக்கிரம் நடக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையும் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்; "ஏதோ நரம்பு மாத்திரை சாப்பிட்டாக" என்று சொன்னால் அங்கே யாருக்கும் எதுவும் விளங்காது.

உயிர் பிழைத்தவர்களுக்கும் கதை முடிவதில்லை. இந்த நோய் சிலருக்குக் கண்ணின் ஈரப்பசையைக் காயவைத்துவிடும். இமை உள்பக்கமாகச் சுருளும். முடி கருவிழியில் உரசிக்கொண்டே இருக்கும். பல மாதம், சில ஆண்டு கழித்துக் கருவிழி வெண்மையாகிப் பார்வை போகும். காய்ந்த கண்ணில் வேறொருவர் தானம் செய்த கருவிழியை வைத்தாலும் நிற்காது. அப்படிப்பட்டவர்களுக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் ஓர் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நோயாளியின் கோரைப் பல்லை அதன் எலும்போடு எடுத்து, சீவி, நடுவில் துளையிட்டு, ஒரு சிறு லென்ஸ் உருளையைப் பொருத்துவார்கள். அந்தப் பல்லைச் சில மாதம் கன்னத்துத் தோலுக்கடியிலோ இமைக்கடியிலோ வைத்து ரத்த ஓட்டம் பிடிக்கவைப்பார்கள். பிறகு அதைக் கண்ணில் பதிப்பார்கள். வாயின் உள்தோலால் கண்ணை மூடி, லென்ஸ் மட்டும் வெளியே தெரியும். இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி அறுபதுகளில் வகுத்த முறை. அந்தப் பல்லின் வழியாக மறுபடி உலகத்தைப் பார்க்கிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். டாக்டர்களின் திறமைக்குக் கும்பிடு போடலாம். ஆனால் சில ஆயிரம் ரூபாய் ரத்தச் சோதனை ஒன்று முன்னாலேயே நடந்திருந்தால் அவர்களில் சிலருக்காவது அந்தப் பல் வாயிலேயே இருந்திருக்கும்.

மருந்துக்கடைப் பழக்கமும் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் இந்தப் பேச்சை எந்தக் கடையிலும் கேட்கலாம்:

"அண்ணாச்சி, எங்க அண்ணனுக்கு மொகவலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாகல்லா, அதுல ஒரு அட்டை குடுங்க. எனக்கும் அதே மாதிரிதான் இழுக்கு."

"சீட்டு இருக்கா?"

"சீட்டெல்லாம் அண்ணன்ட்ட இருக்கு. பேருதான் தெரியும்ல ஒங்களுக்கு, குடுங்க."

அண்ணாச்சியும் கொடுத்துவிடுகிறார். அண்ணனுக்கு ஒத்துக்கொண்டது தம்பிக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. எச்எல்ஏ கணக்கு அப்படி நடப்பதில்லை. அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி என்று வருகிறது. உடன்பிறந்த இருவருக்கு இரண்டு தொகுதியும் ஒன்றாக அமைய நாலில் ஒரு வாய்ப்புத்தான். அண்ணனிடம் இல்லாத மரபணு தம்பியிடம் இருக்கலாம். மாறாக, அண்ணனிடம் அந்த மரபணு இருந்து இந்த மாத்திரையால் தோல் உரிந்திருந்தால் தம்பி தங்கையிடம் அதே மரபணு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பிள்ளைகளுக்கும் அப்படியே. அத்தை மகள், மாமன் மகள் என்று பல தலைமுறையாகக் கட்டிவரும் குடும்பங்களில் ஒரே தொகுதி சுற்றிச் சுற்றி வரும். அதனால் சாதிக்குச் சாதி, வட்டாரத்துக்கு வட்டாரம் இந்த விகிதம் மாறும். இதையும் வெளியூர்க்காரர் யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பனும் அவர் குழுவினரும் 1984-லேயே தமிழ்நாட்டின் முக்கியக் குழுக்களின் எச்எல்ஏ வகைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர், யாதவர் என்று தனித்தனியாகவும் பார்த்தார்கள். சிவகிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் நடந்த வேலை அது. நாற்பது ஆண்டு ஆகியும் அந்த அறிவு மருந்துச் சீட்டு எழுதும் மேசைவரை வந்து சேரவில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை, இதுவரை சொன்னதற்கு எதிர்த்திசையில். பல மாதமாக, பல ஆண்டாக இந்த மாத்திரையைத் தொல்லையில்லாமல் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்! ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வருகிறவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு முதல் சில மாதத்திலேயே வந்துவிடும். அந்தக் காலத்தைத் தாண்டியவருக்கு ஆபத்து மிகக் குறைவு, சோதனையே தேவைப்படாது. ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். வயல் கிணற்று ஓரத்தில் மோட்டார் போடப் போகிறவருக்கும், அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கும் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் அது நிற்காது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

ஆக, நிறுத்துவது யாருக்கு? புதிதாகத் தொடங்கி, தடிப்போ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ காய்ச்சலோடு வந்தவருக்கு. அவர் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். டாக்டர் அதை நிறுத்தி வலிப்புக்கு வேறு மருந்து மாற்றுவார். மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஆக்ஸ்கார்பசெபைன், பெனிட்டாயின், பீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின் இவையெல்லாம் வேதிக் கட்டமைப்பில் கார்பமசெபைனுக்குச் சொந்தக்காரர்கள்; ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். லெவிடிராசிட்டாம், வால்ப்ரோயேட் அந்த வகையில் சேராதவை. வால்ப்ரோயேட் பிள்ளைப்பேறு வயதுப் பெண்களுக்குக் கருவைப் பாதிக்கும் என்பதால் அங்கே வேறு யோசனை வேண்டும். எப்டாயின் என்று எல்லாருக்கும் தெரிந்த பெனிட்டாயினைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று தென்னிந்தியத் தமிழரிடமே நடந்தது: எச்எல்ஏ-பி 51:01 போன்ற வகைகளும், அந்த மருந்தை ஈரல் மெதுவாகக் கரைக்கும் இன்னொரு மரபணு வகையும் தோல் ஒவ்வாமையோடு தொடர்புபட்டிருந்தன.

வலிப்பு மருந்தோடு இது முடியவில்லை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் அலோபியூரினாலுக்கு (ஸைலோரிக் என்றால் தெரியும்) எச்எல்ஏ-பி 58:01. தைவானில் 2005-இல் பாதிக்கப்பட்ட 51 பேரிடமும் அது இருந்தது. ரத்தத்தில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று, வலியே இல்லாதவருக்கும் இந்த மாத்திரை எழுதப்படுவது உண்டு, அங்கே "இது எனக்குக் கட்டாயம் வேண்டுமா?" என்று கேட்பதில் தப்பில்லை. தொழுநோய் மருந்து டாப்சோனுக்கு எச்எல்ஏ-பி 13:01. எச்ஐவி மருந்து அபாகவிருக்கு பி 57:01. அதற்குப் பல நாடுகள் விழித்துக்கொண்டுவிட்டன, சோதிக்காமல் தொடங்குவதில்லை.

டாக்டரிடம் என்ன கேட்பது? சிவகிரியிலோ வாசுதேவநல்லூரிலோ வரிசையில் நின்று உள்ளே போனவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் இதைக் கேட்டுவிடுங்கள்: "டாக்டர், இந்த மருந்து தொடங்குவதற்கு முன்னால் எச்எல்ஏ-பி 15:02, ஏ 31:01 சோதனை பார்க்கலாமா? இல்லையென்றால் வேறு மருந்து இருக்கிறதா?" ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும், மரபணு மாறாது, அந்த முடிவு ஆயுளுக்கும் செல்லும். பெரிய தனியார் லேப்களில் செய்கிறார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும், பணமும் சில ஆயிரம் ஆகும். வலிப்பு அவசரம் என்றால் அந்த நாட்களுக்கு வேறு மருந்தில் ஓட்டலாம். முகவலிக்கு என்றால் முதலில் அது பல் வலியா நரம்பு வலியா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு பல்லைப் பிடுங்கிய பிறகே நரம்பு என்று தெரிகிற கூத்தும் நடக்கிறது. பி 15:02 இருக்கிறது என்று வந்தால் கார்பமசெபைன் பக்கமே போகாமல் வேறு மருந்து பார்ப்பதுதான் வழி. ஏ 31:01 என்றால் நன்மையையும் ஆபத்தையும் டாக்டர் எடைபோட்டுச் சொல்வார். இரண்டும் இல்லை என்று வந்தாலும் முதல் மூன்று மாதம் தோலையும் வாயையும் கண்ணையும் கவனித்துக்கொண்டிருங்கள். மரபணு இல்லாதவர்களுக்கும் அபூர்வமாக வரும்.

ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன மருந்தின் பெயரை, கம்பெனிப் பெயரை அல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயரை, ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள். வேறு ஊரில், வேறு டாக்டர், வேறு கம்பெனிப் பெயரில் அதே மருந்தை மறுபடி எழுதிக் கொடுப்பது நடக்கக்கூடியதுதான். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட வேகமாக வரும்.

கடைசியாக ஒன்று. மருந்தால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்வதற்கென்றே 2010-இலிருந்து இந்தியாவில் ஓர் அரசுத் திட்டம் நடக்கிறது; அதன் தேசிய மையம் காஸியாபாத்தில் இருக்கிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியோ வீட்டாரோ நேரே சொல்லலாம். தமிழ்நாட்டில் இந்த மாத்திரையால் எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்ற கணக்கு ஏறினால்தான் அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனை இலவசமாக வேண்டும் என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கட்டணமில்லாத எண்: 1800-180-3024.